கடலைக் கட்டப் போகாதே

மகளே, ஸ்கூபா படித்து முடித்து நாலு முறை கடலில் இறங்கி ஏறிய ஈரம் காயவில்லை, அதற்குள் "பெரியம்மா, மாலத்தீவுக்குப் போய்ச் சுறா பார்க்கணும், எப்படித் திட்டம் போடறது?" என்று கேட்டிருக்கிறாய். கேட்டவரைக்கும் நல்லது. 42 வயதில் நான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கியபோது கேட்க எனக்கு ஆளில்லை. போய்த் தப்புத் தப்பாகச் செய்தேன். கடல் பொறுத்துக்கொண்டதால் இருபது வருஷமாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உன் பூட்டன் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு அறிவித்த வருஷங்களில் முத்துக்கும் போனார். 1961இல் நடந்ததுதான் கடைசிக் குளிப்பு. அதற்கெல்லாம் முந்தின தலைமுறைகளில், குளிப்புத் தொடங்குமுன் 'கடல்கட்டி' என்று ஒருவர் மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவாராம். அவர் கட்டாமல் எந்தக் குளியாளியும் இறங்கமாட்டான் என்பாள் என் ஆச்சி. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதை எழுதியிருக்கிறார். கட்டுகிறவருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். அப்போதுதான் ராத்திரியில் எவனும் திருட்டு முத்தெடுக்க இறங்கமாட்டான் என்பது மார்க்கோ போலோ சொல்லும் காரணம். ஆச்சி வேறு காரணம் சொன்னாள்: "பகல் முழுக்க வாயைக் கட்டிவச்சா அதுங்க எப்போ சாப்பிடும்?"

நீ மந்திரம் எதுவும் இல்லாமல், வாய் கட்டாத சுறாவை அதன் வீட்டிலேயே போய்ப் பார்க்க நினைக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. 'சுறா பார்க்கணும்' என்று பொத்தாம்பொதுவாக ஆசைப்படாதே. பெயர் சொல்லி ஆசைப்படு. நம் கரையில் மீன் விற்கிறவர்கள்கூடப் பால்சுறா, கொம்பன்சுறா என்று பிரித்துத்தான் கூவுவார்கள். மாலத்தீவிலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. மணலில் படுத்துக் கிடக்கும் வெண்முனைச் சுறாவைப் பல பவளத்திட்டுகளில் பார்க்கலாம். சாம்பல் சுறா, தீவுக்கூட்டத்தின் விளிம்பை அறுத்துக்கொண்டு போகும் வாய்க்கால்களின் வாசலில் நிற்கும். அந்த வாய்க்காலை அவர்கள் 'கண்டு' என்கிறார்கள். திமிங்கலச் சுறாவுக்குத் தெற்கு ஆரி. கொம்பன்சுறாவுக்கு ரஸ்தூ, விடியலுக்கு முன்பே எழுந்துபோய் வெளிக்கடல் நீலத்தில் காத்திருக்க வேண்டும். புலிச்சுறாவுக்கு நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே ஃபுவாமுலா. அந்த நாடு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. என் முதல் பயணத்தில் ஒரே வாரத்தில் மூன்று இடத்துக்குக் கிளம்பினேன். நாலு நாள் படகிலும் விமான நிலைய நாற்காலியிலுமே போயிற்று. நீ ஒன்றைத் தேர்ந்தெடு. மற்றது அங்கேயே இருக்கட்டும்.

2. பணத்தை எண்ணுமுன் காற்றைக் கேள். நம் ஊரில் வாடை, கச்சான் என்று சொல்கிற மாதிரி அவர்களுக்கும் வடகிழக்குக் காற்று 'இருவாய்', தென்மேற்குக் காற்று 'ஹுல்ஹங்கு'. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை நீவாடு, அதாவது நீரோட்டம், பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். அப்போது கிழக்கு ஓரத்துக் கண்டுகளில் வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு முகம் கொடுத்துச் சாம்பல் சுறாக்கள் கூட்டமாக மிதந்து நிற்கும். நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும், ஆனால் நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன. மே மாதத்துக்குப் பிறகு எல்லாம் திசை மாறும். தண்ணீர் கலங்கும், மிதவை உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகளும் சில நாட்களில் திமிங்கலச் சுறாவும் பா தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் கூடும். அங்கே சிலிண்டர் கட்டி இறங்க அனுமதி கிடையாது. மேலே மிதந்தபடிதான் பார்க்கலாம். இது தெரியாமல் டைவிங் சாமான் மூட்டையோடு அங்கே போய் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீவாடு கடுமையாக இருக்கும். புதியவளான உனக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்கள் போதும். நாட்காட்டியில் விடுமுறையைத் தேடுகிறபோது பிறையையும் சேர்த்துப் பார்.

3. அட்டையை நம்பாதே, மூச்சை நம்பு. உன் கையில் இருக்கும் அட்டை 18 மீட்டர்வரை போகலாம் என்கிறது. மாலத்தீவில் பொழுதுபோக்காக இறங்குகிறவர்களுக்குச் சட்டப்படியே 30 மீட்டர்தான் எல்லை. நல்ல கண்டுகளின் வாசல்கள் அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. என் பதினோராவது டைவிலேயே அப்படி ஓர் இடத்துக்கு ஆசைப்பட்டேன். கூட்டிப்போனவர்களும் எத்தனை டைவ் செய்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. 30 மீட்டரில் அழுத்தம் கரையைப்போல நாலு மடங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நாலு மடங்கு காற்று போகும். நீவாடு முகத்தில் அறைந்தது. மாஸ்க் ஆடியது. பயந்து பயந்து இழுத்த மூச்சில், எல்லாருக்கும் ஐம்பது நிமிஷம் வருகிற சிலிண்டர் எனக்குப் பதினெட்டாவது நிமிஷமே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வழிகாட்டிப் பையன் தன்னிடமிருந்த உபரி ரெகுலேட்டரை என் வாயில் கொடுத்து, என் தோள்வாரைப் பிடித்தபடி மேலே கொண்டுவந்தான். எனக்காக ஆறு பேரும் கூடவே ஏற வேண்டியதாயிற்று. அவர்கள் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால், மகளே, முதலில் ஹேவ்லாக்குக்கோ நேத்ராணிக்கோ புதுச்சேரிக்கோ போய் நாற்பது ஐம்பது முறை இறங்கி ஏறு. கையை ஆட்டாமல், தரையைத் தொடாமல், நடுநீரில் ஒரே மட்டத்தில் நிற்கக் கற்றுக்கொள். மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறி, விட்டால் ஒரு சாண் இறங்கி, தொட்டில் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும். அது கைவந்த பிறகு சுறாவைப் பற்றிப் பேசுவோம். 30 மீட்டருக்கான அடுத்த படிப்பையும் முடித்துவிடு. ஒரு வருஷம் தள்ளிப்போனால் சுறா கோபித்துக்கொள்ளாது.

4. சளி பிடித்திருந்தால் இறங்காதே. இதைவிடச் சின்ன அறிவுரை இல்லை. நான் கொடுத்த விலை இதற்குத்தான் அதிகம். பணம் கட்டியாயிற்று, நாலே நாள்தான் இருக்கிறது என்று மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது ஒன்றுமில்லை. கீழே மாத்திரையின் வேகம் அடங்கியது. ஏறும்போது காதுக்குள் இருந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. படகில் ஏறியபோது மாஸ்க்கில் ரத்தம். இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். நீ தொலைபேசியில் "பெரியம்மா, எந்தக் காதுல வச்சிருக்கீங்க?" என்று கேட்பாயே, அது இந்தக் கதைதான். கிளம்புமுன் டைவிங் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காது, நுரையீரல், இதயம் மூன்றையும் காட்டு. சின்ன வயதில் உனக்கு இழுப்பு இருந்தது; அதை மறைக்காமல் சொல். படிவத்தில் 'இல்லை' என்று எழுதுவது சுலபம். கடலுக்குப் படிவம் வாசிக்கத் தெரியாது.

5. கூட்டிப்போகிறவரைத் தேடுவதில் சோம்பல்படாதே. படகின் படத்தையும் அறையின் படத்தையும் பார்த்து மயங்காமல் கேள்வி கேள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பெரிய சுறா இருக்கிற இடத்தில் நாலு பேருக்கு மேல் என்றால் எனக்கு மனம் ஒப்பாது. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அழுத்தச் சிகிச்சை அறை எந்தத் தீவில், அங்கே போக எவ்வளவு நேரம்? தூரத்தில் மேலே வந்துவிட்டால் படகுக்குத் தெரிய ஊதுகிற மிதவைக்குழாய் எல்லாரிடமும் உண்டா? பதில் சொல்லும் முகத்தைப் பார். எரிச்சல்படுகிறவரிடம் போகாதே.

எல்லாவற்றையும்விட, "கடைசியாக எப்போது டைவை ரத்து செய்தீர்கள்?" என்று கேள். வாவு தீவுக்கூட்டத்துப் பக்கம் ஒரு வழிகாட்டி இருந்தார், என் தம்பி வயது. ஒருநாள் எங்களைப் படகில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் குதித்து, தண்ணீரின் போக்கைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். தலையை ஆட்டினார். படகைத் திருப்பச் சொன்னார். இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள். அவர் சிரித்துக்கொண்டே தேங்காய் சீவிக் கொடுத்தார். அடுத்த பத்து வருஷம் நான் அவரோடு மட்டுமே இறங்கினேன்.

6. இறங்கிய பிறகு சுறாவைப் பார்க்கும் வேலை உன்னுடையதில்லை. உன்னைப் பார்க்கும் வேலை அதனுடையது. நீ போய் ஓரிடத்தில் அமைதியாக இரு. குமிழியின் சத்தமே அதற்கு அதிகம்; அதன்மேல் நீயும் துடுப்பை அடித்துக்கொண்டு துரத்தினால் கண்காணாத தூரத்துக்குப் போய்விடும். நீவாடு கடுமையான இடங்களில் கொக்கியைப் பாறையில் மாட்டிப் பட்டம் போல் மிதந்து நிற்பார்கள். செத்த பாறையில் மட்டும் மாட்டு. உயிருள்ள பவளத்தில் மாட்டிவிட்டு அந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது.

முதல் பயணத்துக்குக் கேமரா வேண்டாம். நான் எடுத்துப்போனேன். புதுக் கேமரா, புதுக் கிறுக்கு. ஒரு சாம்பல் சுறா பாறைச் சுவரை ஒட்டி வந்தது. நல்ல படம் வேண்டுமென்று நெருங்கினேன். அது முதுகை வில்லாக வளைத்தது. பக்கத் துடுப்புகளைத் தாழ்த்தியது. மூக்கை உயர்த்தி, உடம்பு முழுவதையும் இப்படியும் அப்படியும் மிகையாக ஆட்டி நீந்தியது. எவ்வளவு அழகாக ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு படம் எடுத்தேன். வழிகாட்டி என் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். 'விலகு, இல்லாவிட்டால் கடிப்பேன்' என்று அந்த இனம் சொல்லும் முறை அது. 1970களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நான் சுவருக்கும் எனக்கும் நடுவில் அதன் வழியை அடைத்திருந்தேன். தெருநாயை மூலையில் மடக்கினால் அதுவும் இதைத்தானே செய்யும்? அந்தக் கோலத்தைப் பார்த்தால் அசைவை நிறுத்து, பதறாமல் பின்வாங்கு, அது வெளியேற வழியைத் திறந்துவிடு. உலகம் முழுவதும் சீண்டாமலே சுறா கடித்து இறக்கிறவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக ஆறு பேர் அளவில்தான். அந்த எண்ணைப் படித்துவிட்டுத் துணிச்சல் கொள்ளவும் வேண்டாம். சுறா நம்மைப் பொறுத்துப்போகிறது என்பதற்கான கணக்கு அது.

7. திமிங்கலச் சுறாவைத் துரத்தாதே. தெற்கு ஆரியில் வருஷம் முழுக்க அவற்றைப் பார்க்க முடிகிறது. பெரும்பாலும் இளம் ஆண்கள்; விடலைப் பையன்கள் என்று வைத்துக்கொள். ஆழத்தில் குளிர்ந்த நீரில் மேய்ந்துவிட்டு, உடம்பைச் சூடேற்றிக்கொள்ள மேலே வருகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படி வெயில் காய வந்ததைத்தான் நாற்பது பேர் சுற்றி வளைக்கிறோம். உடம்பிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நாலு மீட்டர் தள்ளியிரு என்பது அங்குள்ள ஒழுங்கு. முதல்முறை கண்டபோது எனக்கு ஒழுங்கு எதுவும் நினைவில்லை. பேருந்து நீளத்தில் ஒரு உயிர், முதுகெல்லாம் கோலப்புள்ளி. கையை நீட்டினேன். விரல் படவும் இல்லை. அது தலையை மெல்லச் சாய்த்து, ஒரு துடிப்பில் கீழே நீலத்துக்குள் போயிற்று. பின்னால் வந்துகொண்டிருந்த படகில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். அவர் தண்ணீரில் கால் வைப்பதற்குள் அது போய்விட்டது. அவருக்கு அன்று வேறு எதுவும் கிடைக்கவில்லை. என் கையால் அவருடைய சுறாவை நான் எடுத்துக்கொண்டேன்.

8. இரை போட்டு அழைக்கும் இடங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஃபுவாமுலாவில் சூரை மீன் அறுத்த கழிவு துறைமுகத்துப் பக்கம் கடலில் விழும். அந்த வாசத்துக்குப் புலிச்சுறாக்கள் வந்து பழகின. இதுவரை இருநூறுக்கும் மேற்பட்டவற்றை வரிக்கோடுகளைக் கொண்டு தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். பெரியவற்றில் பெண்களே அதிகம், பல சூலிகள். இப்போது மீன் துண்டை வைத்து அழைத்து, பயணிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள். வாவுவில் அலிமதாவின் படகுத்துறையில் நர்ஸ் சுறாக்களும் இப்படி மனிதர்கள் தந்த மிச்சத்துக்குப் பழகியவைதான்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கோயில் யானையைப் பார்த்துவிட்டுக் காட்டு யானையைப் பார்த்தேன் என்று சொல்வது போல் இருக்கிறது. ஆனாலும் ஃபுவாமுலாவுக்கு நானும் போனேன், பொய் சொல்லமாட்டேன். நாலு மீட்டர் நீளப் பெண்ணொருத்தி என் பக்கம் திரும்பி, கண்ணுக்கு நேராகப் பார்த்து, அவசரமே இல்லாமல் கடந்துபோனாள். அதை மறக்க முடியாது. நீ போவதானால் நன்றாகப் பழகிய பிறகு போ. புலிச்சுறா பதுங்கி வருகிற இனம். முதுகைக் காட்டாதே. அது உன்னைச் சுற்றினால் நீயும் அதோடு சுற்றிக் கண்ணை விடாமல் பார். கூட்டத்தை விட்டு விலகாதே, சட்டென்று மேலே ஏறாதே. வெளுத்த உள்ளங்கை அதற்கு மீன் துண்டு மாதிரி தெரியும். கறுப்புக் கையுறை போட்டுக் கையை மார்போடு கட்டிக்கொள்.

9. காற்று மீதி இருக்கும்போதே திரும்பு. சிலிண்டர் மானியில் 50 பார் காட்டும்போது நீ படகில் இருக்க வேண்டும், பாறையில் இல்லை. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறு, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நில். 'இன்னும் ஒரே ஒரு பார்வை' என்று எனக்குள் ஒரு குரல் கேட்கும். என் தப்புகள் அத்தனைக்கும் தாய் அந்தக் குரல்தான்.

10. தங்குவது ஊர்க்காரர்கள் வாழும் தீவு என்றால் ஊருக்கு மரியாதை செய். உடம்பை மூடி நட. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் படகு கிளம்பவில்லை என்று முகம் சுளிக்காதே. அவர்களும் படகைத் 'தோனி' என்றுதான் சொல்கிறார்கள். நம் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு அவர்கள் கடலிலிருந்து வந்த ருசி. ஒரு வீட்டில் மாசி இடித்துத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்து ரொட்டியோடு கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் எனக்கு ஆச்சி வீட்டு அடுப்படி வந்துவிட்டது.

11. இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நாம் சுறா தின்று வளர்ந்தவர்கள். உன் அண்ணனைப் பெற்றுப் படுத்திருந்தபோது என் அம்மா விடியற்காலையில் துறைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்தாள். அவித்து, முள் எடுத்து, மஞ்சளும் பூண்டும் போட்டு உதிர்த்துப் புட்டு செய்து, "தின்னு, பால் நல்லா ஊறும்" என்று ஊட்டினாள். அந்த அன்பை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. ஆனால் கடலுக்குள் அதன் கண்ணைப் பார்த்துவிட்டு வந்த வருஷம், சட்டியில் அது கிடந்தபோது என் கை நீளவில்லை. அம்மாவிடம் காரணம் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் புரிந்துகொண்டாளா தெரியாது. அதற்குப் பிறகு எனக்கு மட்டும் தனியாக விளமீன் குழம்பு வைத்தாள்.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 10 கோடிச் சுறாக்களைக் கொல்கிறார்கள் என்று 2013இல் ஒரு ஆய்வுக் கணக்கு வந்தது. 1970க்குப் பிறகு பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறைந்துவிட்டன என்றது 2021இல் வந்த இன்னொன்று. மாலத்தீவிலும் ஒரு காலத்தில் துடுப்புக்காகவும், தோனியின் மரத்துக்குப் பூசும் எண்ணெய்க்காகவும் பிடித்தவர்கள்தான். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கணக்குப் போட்டார்கள். செத்த சாம்பல் சுறாவின் விலை 32 டாலர். பேர்போன ஒரு டைவிங் இடத்தில் உயிரோடு நீந்தும் ஒன்று, பார்க்க வருகிறவர்கள் மூலம் வருஷத்துக்கு 33,500 டாலர் தருகிறது. 2010இல் அந்த நாடு சுறா பிடிப்பதைத் தடை செய்தது. உயிருக்கு விலைச்சீட்டு ஒட்டித்தான் காப்பாற்ற முடிந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தத் தொழிலை இழந்த மீனவர் குடும்பங்களையும் நினைக்கிறேன். ஆனால் நீ கட்டும் பணம் அந்தக் கணக்கின் ஒரு பகுதி என்று தெரிந்துகொண்டு போ. நம் நாட்டிலும் திமிங்கலச் சுறாவுக்கு 2001 முதல் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஊருக்குத் திரும்பி, நம் துறையில் சுறா இறக்குகிறவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகாதே. அவர்கள் வலையில் சிக்குகிற நாளில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேள். கேட்கிற பொறுமையைக் கடலிலிருந்து கொண்டுவா.

12. பார்க்காமல் திரும்பவும் மனதைத் தயார்செய். தொடர்ந்து ஆறு நாள் ரஸ்தூவில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஏழாம் நாளும் கொம்பன்சுறா காணாமல் வந்திருக்கிறேன். அடியும் இல்லாமல் மேலும் இல்லாமல் நீலத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஏழு விடியல்களில், வெளிச்சம் மேலிருந்து இறங்கிக் கறுப்பை ஊதாவாக்கி, ஊதாவை நீலமாக்கியதைப் பார்த்தேன். உடன் வந்தவர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு அலுவலகத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே ஏழு விடியல் கிடைத்திருந்தது.

13. கடைசி நாளைக் காலியாக வை. பல நாள் அடுத்தடுத்து இறங்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். நான் 24 என்று வைத்திருக்கிறேன். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரே போனால், கோலி சோடாவின் கோலியை அமுக்கினதுபோல் உள்ளே குமிழ் கட்டும். ஃபுவாமுலாவிலிருந்து மாலே வரும் உள்நாட்டு விமானமும் விமானம்தான். பலர் அதைக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். ஒருமுறை நானும் காலையில் இறங்கிவிட்டு மாலையில் ஏறினேன். வானத்தில் முழங்கையில் தொடங்கிய வலி மூன்று வாரம் போகவில்லை. கிளம்புமுன் டைவிங்குக்கென்று தனிக் காப்பீடு எடுத்துவிடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் அழுத்த அறைச் செலவு பெரும்பாலும் சேராது.

அந்தக் காலி நாளில் கடைத்தெருவுக்கு ஓடாதே. காலையில், தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, தீவின் ஆழமில்லாத பக்கத்துக்குப் போ. கணுக்கால் நனைகிற இடத்தில் மணலில் உட்கார். நிழல் தண்ணீரில் விழாதபடி பார்த்துக்கொள். காலை ஆட்டாதே. கொஞ்ச நேரத்தில், முழ நீளம்கூட இல்லாத கருமுனைச் சுறாக் குட்டிகள் இரண்டு மூன்று, முதுகுத் துடுப்பின் கறுப்பு நுனி வெளியே தெரிய, உன் பாதத்தைத் தாண்டி மத்தி விரட்டிக்கொண்டு போகும். மறுபடி வரும். மறுபடி போகும். வெயில் ஏறும்வரை அங்கேயே இரு.